அக்காவுக்காக நாகையா போட்ட டைம்டேபிள்

நாகையாவைப் போன்ற ஒழுங்கான மனிதனுக்குப் பக்கத்து வீட்டில் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்து பார்த்தால்தான் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், அதாவது ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளில், அவன் வீடு ஏழு, என் வீடு எட்டு. கோலாலம்பூர் ஸ்டேஷனில் எனக்குக் கைகாட்டி விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலை. அவன் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தைப் பார்த்துத்தான் என் சம்சாரம் வீரம்மா அடுப்பு மூட்டுவாள். "அவரு போயிட்டாரு, நீங்க இன்னும் பாயிலயே கெடங்க" என்று அவள் எனக்குத் தினமும் பாடுகிற சுப்ரபாதத்துக்கு அவன்தான் காரணம்.

அப்படிப்பட்டவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அய்யாவு, எங்க அக்கா ஊருக்கே போறாங்க. ஒரேயடியா" என்றான். கையில் ஒரு கடிதம். முகம் வெளுத்திருந்தது.

அக்கா என்றால் சாதாரண அக்கா இல்லை. அவனுக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். பதினொரு வயது மூத்தவளான சீதாலெட்சுமிதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகிப் புருஷனோடு மலாயாவுக்குக் கப்பலேறியபோது, தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் ஏறினாள். சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர்கள் இருந்தார்கள். இவன் பிறகு ரயில்வேக்கு வந்துவிட்டான். பெண் பார்த்ததும் அக்காதான். புதுப்பெண் இராஜம்மாவை ஆறு மாதம் தன்னோடு வைத்திருந்து, உலை வைப்பதிலிருந்து ஊறுகாய் போடுவதுவரை கற்றுக்கொடுத்து அனுப்பினாள்.

அப்புறம் அந்தக் காதுகுத்து வந்தது. முப்பத்தொன்றிலிருந்து பதினாறு வருஷம் பின்னால் போங்கள். அக்காவுக்கு ஒரே மகள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாகையா பட்டுப்பாவாடை, தோடு, தேங்காய் பழம் எல்லாம் வாங்கி மூட்டை கட்டிவிட்டான். முதல் நாள் மழை கொட்டியது. வழியில் இருக்கிற காஜாங்குக்கு அப்பால் தண்டவாளத்தை வெள்ளம் அரித்துவிட்டது, வண்டி கிடையாது. இவன் என்ன செய்தான் தெரியுமா? மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோடு நடக்க ஆரம்பித்தான். காஜாங்வரை போய்விட்டான். அங்கே பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது, யாரையும் தாண்ட விடவில்லை. முகூர்த்தம் முடிகிறவரை அந்தக் கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்பி நடந்து வந்தான். கால் வீங்கி மூன்று நாள் கிடந்தான்.

அங்கே பிள்ளையை யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். கூடியிருந்த பெண்டுகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? "தாய்மாமன் வரலையா? பொண்டாட்டி விடலையாக்கும்" என்று ஒருத்தி சொல்ல, நாலு பேர் சிரிக்க, அக்காவுக்கு ரோஷம் பொங்கிவிட்டது. சபையில் எழுந்து நின்று, "இனி அவன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன். அவன் வீட்டுச் சோறு தண்ணி என் பல்லுல படாது" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து நாகையா போனான். அக்கா முகம் கொடுத்துப் பேசினாள், சோறும் போட்டாள். "என் வீட்டுல நீ எப்ப வேணாலும் வந்து தின்னுடா. உன் வீட்டுக்குத்தான் நான் வர மாட்டேன்" என்றாள். நடந்து வந்த கதையை இவன் சொல்லவில்லை. கேட்டால், "நேரத்துக்குப் போகலைன்னா போகலைதான். காரணம் சொன்னா சபையில அக்கா பட்டது இல்லைன்னு ஆயிடுமா?" என்றான். அட மடையா என்று கத்தினேன். கேட்கவில்லை. பதினாறு வருஷமும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்ச் சாப்பிட்டு வந்தான். அக்கா தைப்பூசத்துக்குப் பத்துமலை வரும்போதெல்லாம் எங்கள் லயத்துக்கு அரை மைலில் இருக்கும் கோயில் மண்டபத்தில்தான் தங்குவாள். இராஜம்மா பாவம், வாசலில் கோலம் போட்டு வைத்துவிட்டு அன்றைக்கு முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது அக்காவின் புருஷன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த மன்னார்குடிப் பக்கமே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டாள். கிள்ளான் துறைமுகத்தில் அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை கப்பல். முதல் நாள் வியாழக்கிழமை காலை சிரம்பான் வண்டி, கோலாலம்பூரில் இறங்கி, மதியம் கிள்ளான் வண்டி. நடுவில் மூன்று மணி நேரம். "ஸ்டேஷனுக்கு வா, ஒரு எட்டு உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று ஆள் வைத்துக் கடிதம் எழுதியிருந்தாள்.

"அய்யாவு, என் கையால ஒரு வாய் சாப்பிடாம போயிடுவாங்கடா. இனி நான் எப்ப பார்க்கப் போறேன்?" என்றான் நாகையா. ஐம்பதைத் தாண்டிய பெண்பிள்ளை கடல் தாண்டிப் போனால் திரும்பி வருவாளா?

"வீட்டுக்குக் கூப்பிடு" என்றேன்.

"சபையில சொன்ன வார்த்தைடா அது. அதை மீறச் சொல்லி நான் கேக்கலாமா?"

பாருங்கள், இதுதான் நாகையா. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு திட்டத்தோடு வந்தான். பழைய பார்சல் ரசீதின் பின்பக்கத்தில் எழுதியிருந்தான். எனக்கு அப்படியே மனப்பாடம்.

பத்து பன்னிரண்டு, வண்டி வரும். பத்து இருபது, ரிக்‌ஷா. பத்து நாற்பது, பொதுப் பூந்தோட்டத்து ஏரிக்கரை. பதினொன்றே கால்வரை கால் நீட்டி உட்கார்தல். பிறகு சாப்பாடு. பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வெற்றிலையும் பேச்சும். பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பல். ஒன்று இருபத்தைந்துக்குக் கிள்ளான் வண்டி.

"கால் நீட்டி உட்காரவும் டைம் போட்டிருக்கியேடா, நீ மனுஷனா மெயில் வண்டியா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "ஏரிக்கரை யாரு வீடும் இல்ல. அங்க வாசலும் கிடையாது. அங்க உட்கார்ந்து சாப்பிட்டா அக்கா வார்த்தைக்குப் பங்கம் வராது. ஆனா சோறு என் வீட்டுதா இருக்கக் கூடாது. உன் வீட்டுல ஆக்கணும். உன் அரிசி, உன் புளி, உன் உப்பு. பரிமாறுறது மட்டும் நான்."

"தண்ணி? லயத்துக்கே ஒரே பைப்புதானடா. அதுல உன் வீட்டுத் தண்ணி எது, என் வீட்டுத் தண்ணி எது?"

அதையும் யோசித்து வைத்திருந்தான். "நீ பிடிச்சு உன் குடத்துல ஊத்தி வச்சா அது உன் தண்ணி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து ஏரிவரை நடந்து, கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தான். அங்கே புல் வெட்டுகிற பாலனைப் பிடித்து, பதினொரு மணிக்கு எந்த மரத்தடியில் நிழல் இருக்கும், எறும்பு எங்கே இல்லை என்று விசாரித்தான். "பெரிய துரை யாராச்சும் வராங்களா?" என்று கேட்டான் பாலன். ஒரு நாள் லீவுக்கு மூன்று வாரம் முன்னாலேயே மனுப் போட்டான் நாகையா. இராஜம்மாவைக் கூப்பிட்டபோது மட்டும், "நான் வரலைங்க. என்னாலதான் நீங்க காதுகுத்துக்கு வரலைன்னு அவங்க மனசுல இருக்கு. என்னைப் பார்த்தா அண்ணிக்குச் சோறு எறங்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை வந்தது. வீரம்மா விடியலிலேயே எழுந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து, எங்கள் தூக்குச் சட்டியில் அடைத்து, வாழை இலையோடு கூடையில் வைத்துக் கொடுத்தாள். கிளம்புகிற நேரத்தில் நாகையா கூடைக்குள் எட்டிப் பார்த்து, "எல்லாம் உங்க வீட்டுதுதானேம்மா?" என்று ஒரு தடவை கேட்டான். "ஆமாண்ணே" என்றாள் வீரம்மா. என் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை, என் புத்தி அவ்வளவுதான்.

வண்டி மூன்று நிமிஷம் தாமதம். அந்த மூன்று நிமிஷத்தில் நாகையா பாதி ஆளாகிவிட்டான். அக்கா ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு மூட்டையோடும் இறங்கினாள். நல்ல உயரம், வெள்ளைச் சேலை, காதில் ஒன்றுமில்லை. பெட்டியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தோம். "எங்கடா கூட்டிட்டுப் போற?" என்று கேட்டாள்.

"ஏரிக்கரைக்குக்கா. காத்தாட உட்காரலாம். யாரு வீடும் இல்ல" என்றான்.

அக்கா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி, வா" என்று ரிக்‌ஷாவில் ஏறினாள். நாகையா ரிக்‌ஷா இழுக்கிற சீனரிடம், "பெலான், பெலான்" என்று மெதுவாகப் போகச் சொன்னான். நான் கூடையோடு பின்னால் இன்னொரு ரிக்‌ஷாவில் போனேன்.

ஏரி அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. பாலன் சொன்ன தூங்குமூஞ்சி மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தோம். தண்ணீர் மேலிருந்து காற்று வந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "அப்பாடா, தோட்டத்துல இருபத்தாறு வருஷம் ரப்பர்ப் பால் எடுத்தேன். இப்படி ஒரு நாள் ஒக்காந்ததில்லடா" என்றாள். மணி பத்து நாற்பத்தைந்து. நாகையாவுக்கு ஐந்து நிமிஷம் உதைத்தது, எனக்குத் தெரியும். ஆனால் அவன் அக்காவின் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெடித்த பாதங்கள்.

பதினொன்றே காலுக்கு இலை போட்டோம். நாகையா பரிமாறினான். "இது அய்யாவு வீட்டுச் சோறுக்கா. அரிசி, தண்ணி எல்லாம் அவன் வீட்டுது. நீங்க தைரியமா சாப்பிடலாம்" என்று மூன்று தரம் சொன்னான். அக்கா புளிச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். எனக்கு மூச்சு வந்தது. தயிர்ச்சோறு எடுக்கக் கூடைக்குள் கை விட்டபோது, அடியில் துணி சுற்றி ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம் இருந்தது. எலுமிச்சை ஊறுகாய். வீரம்மா வைத்திருக்கிறாள் என்று நினைத்து அக்கா இலையில் இரண்டு வைத்தேன்.

அக்கா ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். பிறகு மற்றதை விரலில் தூக்கிப் பார்த்தாள். பழத்தைத் துண்டு போடாமல், சுருள் சுருளாக ஒரே நீளமாக நறுக்கி, நடுவில் உப்பு அடைத்து ஊறப் போட்டது. தூக்கினால் அப்படியே தொங்குகிறது.

"இது யாரு போட்ட ஊறுகாய்?" என்றாள்.

எங்கள் வீட்டில் எலுமிச்சங்காயை நாலாகப் பிளந்து போடுவதுதான் வழக்கம். அடிப்பாவி வீரம்மா! இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டு என்ன வேலை செய்திருக்கிறார்கள்! "என் சம்சாரம்தாங்கக்கா" என்று புளுகினேன்.

"உன் சம்சாரத்துக்கு யாரு சொல்லிக் குடுத்தா? இது எங்க அம்மா நறுக்குற விதம். எனக்கு அம்மா சொல்லிக் குடுத்தாங்க. நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன்."

நாகையா இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது. "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. உங்க வார்த்தைய நான் கெடுத்துட்டேன்" என்றான்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பதினாறு வருஷமாக அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. "அக்கா, நீங்க பெரியவங்க, மன்னிச்சிக்குங்க. ஆனா அந்தப் பொண்ணு ராஜம்மா ஒரு பாவமும் செய்யல. அன்னிக்கு வெள்ளத்துல வண்டி இல்ல. இவன் சீர் மூட்டையத் தூக்கிக்கிட்டுக் காஜாங்வரைக்கும் நடந்தே வந்தான். பாலத்துல விடல. உங்ககிட்ட சொல்லவும் மாட்டேங்குறான், சொல்லவும் விட மாட்டேங்குறான்!" என்று கத்தினேன். புல் வெட்டிக்கொண்டிருந்த பாலன் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியைத்தான் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள்.

நாகையா நிமிர்ந்தான்.

"அடுத்த வருஷமே தெரியும். காஜாங்ல பாலத்துக்குக் காவல் இருந்த ஆளு எங்க தோட்டத்துக்கு வேலைக்கு வந்தான். மூட்டையோட ஒருத்தன் விடியவிடிய மழையில நின்னான், அழுதான்னு சொன்னான். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல."

"அப்புறம் ஏன்க்கா..."

"நாலு பேரு முன்னால சொன்ன வாய எங்கடா கொண்டுபோய் வைக்கிறது? நானா வந்து நின்னா, 'இவ சொன்னது அவ்வளவுதான்'னு சிரிக்க மாட்டாங்களா? நீ ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'வாக்கா வீட்டுக்கு'ன்னு கையப் புடிச்சு இழுப்பன்னு பார்த்தேன். வருஷா வருஷம் பத்துமலைக்கு வந்து, உன் வீட்டுக்கு அரை மைல்ல வந்து படுத்துக் கெடந்தேனே, எதுக்குன்னு நெனச்ச? நீயோ என் வார்த்தைக்கு மரியாத குடுத்துக்கிட்டே இருந்த. இன்னிக்கும் பாரு, யாரு வீடும் இல்லாத எடமா தேடிப் புடிச்சிருக்க. அரிசி அவன்து, தண்ணி அவன்துன்னு கணக்குச் சொல்ற. ஒன்ன யாருடா இவ்வளவு ஒழுங்கா இருக்கச் சொன்னது?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாகையா டைம்டேபிள் போட்டுப் பதினாறு வருஷத்தைக் கோட்டை விட்டிருக்கிறான்! அவனை மட்டும் சொல்வானேன், நானும் சேர்ந்துதானே நடந்து நேரம் குறித்தேன்?

அக்கா கையிலிருந்த சுருளைத் தயிர்ச்சோற்றில் வைத்து ஒரு வாய் சாப்பிட்டாள். "உப்பு கொஞ்சம் கூட. அவளுக்கு எப்பவும் கை தாராளம்" என்றாள். பிறகு இலையை என் பக்கம் தள்ளி, "இன்னும் ரெண்டு வை" என்றாள்.

நாகையா குழந்தை மாதிரி அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. அவனும் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன். கூடையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

கை கழுவியதும் அக்கா, "அடுத்த கிள்ளான் வண்டி எத்தன மணிக்குடா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு இருபத்தஞ்சுக்குக்கா. இன்னும் நேரம் இருக்கு. வெத்தல போட்டுட்டு..."

"அதுக்கு அடுத்தது."

நாகையா திகைத்தான். "நாலு நாப்பது. ஆனா அக்கா, கப்பல்..."

"கப்பல் நாளைக்குக் காலையிலடா. கிள்ளான்ல படுக்கத்தானே போறேன், பொழுதோட போனா போதும். எந்திரி."

வெற்றிலைக்கென்று ஒதுக்கிய அரை மணி நேரத்தில் மூன்று பேரும் ரிக்‌ஷாவில் பிரிக்பீல்ட்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். இந்தத் தடவை நாகையா "பெலான்" என்று சொல்லவில்லை.

லயத்தில் இறங்கியபோது வீரம்மா எங்களைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தபடி உள்ளே ஓடினாள். திட்டு விழும் என்று பயம். ஏழாம் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் கோலம் இருந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். கால் எழும்பவில்லை. உள்ளே இராஜம்மா முறத்தை அப்படியே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். நாகையா, "அக்கா, மணி ஒண்ணு ஆகப் போகுது, இன்னிக்கு ராகு காலம் ஒண்ணரைக்குத்தான்..." என்று ஆரம்பித்தான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அதற்குள் அக்காவே கையை நீட்டிவிட்டாள்.

"கையப் புடிச்சு இழுடா. பதினாறு வருஷமா அதுக்குத்தான் நிக்கிறேன்."

இழுத்தான். அவன் இழுத்த வேகத்தில் அக்கா வாசலைத் தாண்டி இராஜம்மா மேலேயே போய் விழப் பார்த்தாள். "அண்ணி" என்று இராஜம்மா அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அந்த அழுகை ஓயக் கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஏண்டி, உப்ப அள்ளிக் கொட்டியிருக்க? தொண்ட வறளுது, தண்ணி குடு" என்றாள்.

இராஜம்மா செம்பு நிறையக் கொண்டுவந்தாள். அக்கா அண்ணாந்து மடமடவென்று முழுவதும் குடித்தாள். அந்த நேரத்தில் ஒன்று இருபத்தைந்து வண்டி எங்கள் லயத்துக்குப் பின்னால் கிள்ளானுக்குப் போயிற்று. எல்லா வீட்டுத் தகரமும் அதிர்ந்தது. நாகையா கடிகாரத்தை எடுக்கவில்லை. அக்கா தொண்டையில் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாலு நாற்பது வண்டிக்கு லயமே ஸ்டேஷனுக்கு வந்தது. அக்கா மடியில் இராஜம்மாவின் ஊறுகாய் ஜாடி இருந்தது, வாய் கட்டி, துணி சுற்றி. வண்டி நகர்ந்தபோது அக்கா அழவில்லை, நாகையாவும் அழவில்லை. அழுதது நானும் வீரம்மாவும்தான். "என்னைக் கேக்காம எப்படிடி வச்ச?" என்று அவளைக் கேட்டேன். "கேட்டா அவருகிட்ட சொல்லுவீங்க. அவரு அதுக்கும் ஒரு சட்டம் போடுவாரு" என்றாள்.

திரும்பி நடக்கும்போது நாகையா, "பதினாறு வருஷம்டா அய்யாவு" என்றான். நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று யோசித்தேன். அதற்குள் அவனே, "பரவாயில்லடா. வந்துட்டாங்க. என் வீட்டுத் தண்ணியக் குடிச்சுட்டாங்க" என்றான்.

மறுநாள் காலை ஆறு மணி வேலைக்கு நாகையா வரவில்லை. ஸ்டேஷனில் எல்லோரும் பதறிப்போனார்கள். ஆறு இருபத்தைந்துக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான். என்ன ஆயிற்று என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார்.

"தூங்கிட்டேன் சார்" என்றான் நாகையா.